பாதிப் பேர் எங்கே போனார்கள்?

சென்ற மாதம் ஒரு நூற்பாலை வாசலில் கூட்டம். ஷிப்ட் விடும் நேரம். பஞ்சப்படி பற்றியும் கான்ட்ராக்ட் முறை பற்றியும் பேசி முடித்து இறங்கினோம். ஸ்பின்னிங் பகுதியில் வேலை செய்யும் ஒரு தோழர், ஐம்பது வயதைத் தாண்டியவர், நம்மை ஓரமாக அழைத்தார்.

"தோழர், எங்கள் மில்லில் ஒரு பையனுக்கு எச்.ஐ.வி. இருப்பதாகப் பேச்சு. கேண்டீனில் அவன் தம்ளரைத் தனியாக வைக்கிறார்கள். நான் கண்டித்தேன். இரண்டு விதமான பதில் வந்தது. 'ஊர் ஊராகப் போகிற லாரிக்காரனும் கூலிக்காரனும் கொண்டு வருகிற வியாதி இது' என்றான் ஒருவன். 'வியாதியே புளுகு. முதலில் 52 லட்சம் பேர் என்றார்கள். அடுத்த வருஷமே 25 லட்சம் என்றார்கள். பாதிப் பேர் எங்கே போனார்கள்? எல்லாம் டாலர் வாங்கப் போட்ட கணக்கு' என்றான் இன்னொருவன். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை."

கேள்வி நியாயமானது. பதில் சொல்ல நாம் கடமைப்பட்டிருக்கிறோம். முதல் பேச்சு உழைப்பாளியின் மேல் சேற்றை வாரி இறைக்கிறது. இரண்டாவது பேச்சு நோயாளியின் கையிலிருக்கும் மருந்தைப் பறிக்கிறது. இரண்டும் தவறு. இரண்டும் ஒரே இடத்திலிருந்து முளைத்தவை: கணக்கு எப்படிப் போடப்பட்டது என்பதை ஜனங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

எண்ணியதா, மதித்ததா?

முதலில் ஒன்றைத் தெளிவாக்குவோம். இந்த நாட்டில் எச்.ஐ.வி. உள்ளவர்களை யாரும் ஒவ்வொருவராக எண்ணியதில்லை, எண்ணவும் முடியாது. கிருமி உடலில் நுழைந்த பின் பல ஆண்டுகள் ஒரு குறியும் தெரியாமல் இருக்கும். மூட்டை தூக்குவான், நாற்று நடுவாள். தனக்கு இருப்பது தனக்கே தெரியாது. ஆகவே சிலரைச் சோதித்து, அதை வைத்து மொத்தத்தை மதிக்கிறார்கள். இது மதிப்பீடு.

மதிப்பீடு என்றால் மோசடி என்று பொருளல்ல. விவசாயத் தொழிலாளர்களுக்கு இது தெரிந்த விஷயம். விளைச்சல் கணக்கெடுக்க அதிகாரிகள் வருகிறார்கள். வயலில் ஒரு சிறு சதுரம் அளந்து, அதை மட்டும் அறுத்து, அடித்து, நிறுத்து, மொத்த விளைச்சலைச் சொல்கிறார்கள். சதுரத்தை நேர்மையாகத் தேர்ந்தெடுத்தால் கணக்கு ஏறத்தாழச் சரியாக இருக்கும். மடைவாயில் செழித்த பயிரை மட்டும் அறுத்தால்? கடைமடையில் கருகிக் கிடப்பதும் செழித்ததாகக் கணக்கில் ஏறும். கணக்குப் போட்டவன் கூட்டல் பெருக்கலில் தவறவில்லை. சதுரம் போட்ட இடம்தான் தவறு.

எச்.ஐ.வி. கணக்கிலும் நடந்தது இதுதான்.

யாருடைய ரத்தம்?

இந்தியாவில் இந்தக் கிருமி முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1986-ல், சென்னையில். மருத்துவக் கல்லூரிப் பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். 'இந்த நாட்டில் இந்த வியாதி வராது' என்று பெரியவர்கள் மார்தட்டிக்கொண்டிருந்த காலத்தில் செய்த துணிவான காரியம். அதை மதிக்கிறோம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அன்று சோதிக்கப்பட்டது பாலியல் தொழில் செய்த ஏழைப் பெண்களின் ரத்தம். அவர்களில் பலர் விடுதியில் அடைத்து வைக்கப்பட்டிருந்தவர்கள். கணக்கின் முதல் துளியே ஏழையின் துளி.

1992-ல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு ஏற்பட்டது. 1998 முதல் ஆண்டுதோறும் கண்காணிப்பு நடந்தது. எங்கே? பெரும்பாலும் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில். பிரசவப் பிரிவுக்கு வரும் கர்ப்பிணிகளில் ஒரு இடத்துக்கு 400 பேர். பால்வினை நோய்ப் பிரிவுக்கு வருபவர்களில் 250 பேர். வேறு சோதனைக்காக எடுத்த ரத்தத்தில் மிஞ்சியதை, பெயரை நீக்கிவிட்டு, எச்.ஐ.வி. சோதனைக்கு அனுப்பினார்கள். பெயரை நீக்குவதற்கு நிபுணர்கள் காரணம் சொன்னார்கள்: பெயர் கேட்டால் பயந்து பலர் விலகிப்போவார்கள், கணக்கு கெடும் என்றார்கள். காரணத்தில் உண்மை இருக்கிறது. விளைவு என்ன? அந்தப் பெண்ணின் ரத்தம் டெல்லிக் கணக்குக்குப் போயிற்று. செய்தி அவளுக்குப் போகவில்லை. அவளுடைய துளியிலிருந்து அறிக்கை பிறந்தது. அவள் பிள்ளையைச் சுமந்துகொண்டு ஒன்றும் அறியாமல் ஊர் திரும்பினாள்.

சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு யார் போகிறார்கள்? மில் முதலாளியின் மருமகள் போகிறாளா? பண்ணையார் வீட்டுப் பெண் போகிறாளா? காசுள்ளவர்கள் நர்சிங் ஹோமுக்குப் போகிறார்கள். அவர்கள் ரத்தம் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. கூலிக்காரியின் ரத்தத்தை அளந்து, அதையே மொத்த நாட்டின் அளவாக விரித்தார்கள்.

அது மட்டுமா? ஆந்திராவில் குண்டூர் மாவட்டத்தில் ஆராய்ச்சியாளர்கள் 2004-05 ஆண்டுகளில் சர்க்கார் வழியை விட்டு விலகி, நேரே ஜனங்களிடம் போனார்கள். 12,000-க்கு மேற்பட்டவர்களைச் சோதித்தார்கள். 2006-ல் முடிவு வெளிவந்தது. ஆஸ்பத்திரிக் கணக்கு சொன்ன தொகை, ஜனங்களிடையே உண்மையில் கண்ட தொகையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது! காரணங்களையும் அவர்களே சொன்னார்கள். சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு வருவோர் பெரும்பாலும் ஏழைகள். அவர்களிடையே நோய் அதிகம். பால்வினை நோய்ப் பிரிவின் கணக்கையும் தேவையில்லாமல் மேலே சேர்த்தார்கள். இன்னொரு காரணத்தைக் கேளுங்கள்: எச்.ஐ.வி. இருப்பதாகத் தெரிந்த, அல்லது சந்தேகப்பட்ட நோயாளிகளைத் தனியார் ஆஸ்பத்திரிகள் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தன!

இதுதான் தனியார் வைத்தியத்தின் லட்சணம். பணம் இருக்கும்வரை வைத்தியம். நோயின் பெயர் தெரிந்ததும் 'பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ' என்று கதவைச் சாத்துவது. அப்படித் தள்ளப்பட்டவர்கள் சர்க்கார் ஆஸ்பத்திரியில் வந்து குவிந்தார்கள். கணக்கெடுப்பவர் அந்தக் குவியலை அளந்து, நாடு முழுவதும் இப்படித்தான் என்றார்.

பீதியின் சந்தை

இந்த வழியில் 2005-ம் ஆண்டுக்குச் சர்க்கார் போட்ட கணக்கு 52 லட்சம். ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பு 57 லட்சம் என்றது. தென் ஆப்பிரிக்காவையும் தாண்டி உலகிலேயே முதலிடம் என்று 2006-ல் பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன.

அதற்கு முன்பே ஒரு கூத்து நடந்தது. 2002 செப்டம்பரில் அமெரிக்காவின் தேசிய உளவு மன்றம் ஒரு அறிக்கை வெளியிட்டது. 2010-க்குள் இந்தியாவில் 2 கோடி முதல் 2½ கோடிப் பேர் வரை எச்.ஐ.வி. உள்ளவர்களாக இருப்பார்கள் என்றது. நாம் கேட்கிறோம்: உளவாளிக்கும் நோயாளிக்கும் என்ன சம்பந்தம்? டாக்டர்கள் எண்ண வேண்டியதை உளவு மன்றம் ஏன் எண்ணுகிறது? எந்த நாடு தள்ளாடும், எந்தப் பட்டாளம் பலவீனமாகும், எந்தச் சந்தை ஆட்டம் காணும் என்று பார்ப்பதற்கே! 2010 வந்தது. இருந்தவர்கள் ஏறத்தாழ 24 லட்சம். உளவு மன்றம் சொன்னதில் சுமார் பத்தில் ஒரு பங்கு.

எல்லாமே சூழ்ச்சி என்று நாம் சொல்லவில்லை. தவறான இடத்தில் சதுரம் போட்டதால் வந்த பிழை பெரும்பகுதி. ஆனால் அந்தப் பிழை பலருக்குச் சௌகரியமாக இருந்தது. பீதி பெரிதானால் நிதி பெரிதாகும். நிதி பெரிதானால் கருத்தரங்கு, காகிதம், கார், நட்சத்திர ஓட்டல். ஆகவே பிழையைத் திருத்த அவர்களுக்கு அவசரமில்லை.

குறைந்தது நோயா, பிழையா?

பிறகு என்ன நடந்தது? 2005-06-ல் மூன்றாவது தேசியக் குடும்ப நல ஆய்வு நடந்தது. அதில் முதன்முறையாக வீடு வீடாகச் சென்று, சம்மதம் கேட்டு, ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். ஏழை வீடு, பணக்கார வீடு இரண்டும் வந்தன. 15 முதல் 49 வயது வரை உள்ளவர்களில் நூற்றுக்கு 0.28 என்று தெரிந்தது. அதாவது பத்தாயிரம் பேருக்கு 28 பேர். அதே சமயம் கண்காணிப்பு இடங்களும் பெருகின. 1998-ல் இருநூறுக்கும் குறைவாக இருந்தவை 2006-ல் ஆயிரத்தைத் தாண்டின.

இவற்றைச் சேர்த்துப் பார்த்து, 2007 ஜூலை 6-ந் தேதி அன்றைய மத்திய சுகாதார அமைச்சர் அன்புமணி ராமதாஸ் புதிய கணக்கை வெளியிட்டார்: ஏறத்தாழ 25 லட்சம். அதிலும் 20 லட்சத்திலிருந்து 31 லட்சம் வரை இருக்கலாம் என்று நிபுணர்கள் எல்லை போட்டுச் சொன்னார்கள். பத்திரிகைகள் அந்த எல்லையை விழுங்கிவிட்டு ஒற்றை எண்ணை மட்டும் அச்சடித்தன. அந்த ஆண்டு உலகக் கணக்கே 395 லட்சத்திலிருந்து 332 லட்சமாக இறங்கியது. அதற்குப் பெரிய காரணம் இந்தியாவில் செய்த திருத்தம்.

ஆகவே, மில் வாசலில் கேட்ட தோழருக்கு நமது பதில் இது: பாதிப் பேர் எங்கும் போகவில்லை. அவர்கள் பிறக்கவே இல்லை. காகிதத்தில் பிறந்தார்கள், காகிதத்தில் மறைந்தார்கள். ஆனால் மீதமுள்ள 25 லட்சம் பேர் காகிதமல்ல. ரத்தமும் சதையுமான மனிதர்கள். வழியில் கயிற்றைப் பாம்பென்று நினைத்து ஒருநாள் பயந்தோம் என்பதற்காக, வேலியோரம் பாம்பே கிடையாது என்று கையை விடுவானா ஒருவன்?

ஏரியைப் பாருங்கள்

சரி, இன்றைய நிலை என்ன? 2023-ம் ஆண்டுக்கான சர்க்கார் மதிப்பீட்டின்படி நாட்டில் எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்கள் 25.44 லட்சம். வயது வந்தவர்களில் ஆயிரத்துக்கு இரண்டு பேர்.

'2007-லும் 25 லட்சம், 2023-லும் 25 லட்சம். அப்படியானால் ஒன்றும் நடக்கவில்லையா?' என்று சிலர் கேட்கிறார்கள். இங்கேதான் இரண்டு கணக்குகளைக் குழப்பக் கூடாது. ஏரியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பது ஒரு கணக்கு. வாய்க்காலில் எவ்வளவு வரத்து என்பது வேறு கணக்கு. நோயோடு வாழ்பவர்கள் தொகை என்பது ஏரியின் நீர்மட்டம். புதிதாகத் தொற்றுபவர்கள் வரத்து. இறப்பவர்கள் மடை வழியே போகிறவர்கள்.

வரத்தை நேரில் பார்க்க முடியாது. இன்ன நாளில் எனக்குத் தொற்றியது என்று யாரும் வந்து சொல்வதில்லை. ஆண்டுக்கு ஆண்டு மட்டத்தையும், மடை வழியே போனவர்களையும், மருந்து சாப்பிடுபவர்கள் தொகையையும் வைத்து வரத்தைக் கணக்கிடுகிறார்கள். 2023-ல் அந்த வரத்து 68,000-க்கு மேல். நாளொன்றுக்கு ஏறத்தாழ 185 பேர்! எய்ட்ஸால் இறந்தவர்கள் 35,000-க்கு மேல்.

மருந்து வந்த பிறகு ஏரியின் கதையே மாறிவிட்டது. 2004 ஏப்ரல் 1 முதல் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இலவசக் கூட்டு மருந்து தரத் தொடங்கினார்கள். முதலில் எட்டே ஆஸ்பத்திரிகள்; தாம்பரமும் அதில் ஒன்று. இன்று 16 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் மருந்து சாப்பிடுகிறார்கள். ஒழுங்காகச் சாப்பிடுபவர் சாவதில்லை. வேலைக்குப் போகிறார், பிள்ளைகளை வளர்க்கிறார். கிருமி முழுவதும் அடங்கியவரிடமிருந்து உடலுறவின் மூலம் மற்றவருக்குத் தொற்றுவதும் இல்லை. ஒரே மருந்து சாவையும் தடுக்கிறது, வரத்தையும் குறைக்கிறது. 2010-ஐ விட இப்போது புதிய தொற்று நூற்றுக்கு 44 குறைந்திருக்கிறது என்பது சர்க்கார் கணக்கு.

ஆகவே மட்டம் இறங்கவில்லையே என்று ஓலமிடுபவர்களுக்குச் சொல்கிறோம்: சாக வேண்டியவர்கள் உயிரோடு இருப்பதால் நிற்கும் மட்டம் அது. அதைப் பார்த்துச் சந்தோஷப்படுங்கள். வரத்தைப் பார்த்துக் கவலைப்படுங்கள்.

பாலமாம் பாலம்!

இனி முதல் பேச்சுக்கு வருவோம். லாரி ஓட்டுநரும், ஊர் விட்டு ஊர் போகும் கூலித் தொழிலாளியும் நோயைக் கொண்டு வருகிறார்களாம். இது தெருப்பேச்சு மட்டுமல்ல. சர்க்கார் அறிக்கைகளே இவர்களுக்கு ஒரு பெயர் வைத்திருக்கின்றன: 'பால மக்கள்'. நோய் இவர்கள் மேல் ஏறி நடந்து வீட்டுக்குப் போகிறதாம்!

இவர்கள் ஏன் ஊர் விட்டுப் போனார்கள்? உல்லாசப் பயணமா? காவிரி வறண்டபோது வேலையில்லாமல் போனார்கள். கடனுக்கு அட்வான்ஸ் வாங்கிச் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டவும் போனார்கள். மனைவி மக்களோடு வாழ இடமில்லை. வருஷத்தில் பத்து மாதம் தகரக் கொட்டகையில் கிடக்கிறார்கள். லாரி ஓட்டுநர் மாதக்கணக்கில் வீட்டைப் பார்ப்பதில்லை. ஓட்டுகிற மணிக்குக் கணக்கில்லை, படுக்கிற இடத்துக்கு உத்தரவாதமில்லை. இப்படி வாழச் சொன்னவன் யார்? லாபம் தின்றவன் பெயர் எந்த அறிக்கையிலும் இல்லை. உழைத்தவன் பெயர் மட்டும் 'பாலம்' என்று இருக்கிறது.

இன்னொரு அநியாயத்தையும் பாருங்கள். குற்றம் சாட்டும்போது முன்வரிசையில் நிறுத்தப்படுகிற இதே தொழிலாளி, கணக்கெடுக்கும்போது விடுபட்டுப் போகிறான். வீடு வீடாகப் போகும் ஆய்வு வீட்டிலிருப்பவனைத்தான் பார்க்கும். நடைபாதையில் படுப்பவன், லாரியிலேயே தூங்குபவன், சிறையில் இருப்பவன், சூளைக் கொட்டகையில் கிடப்பவன் அதில் வரமாட்டான். அவனுக்காகத் தனிக் கணக்குப் போட்டுச் சேர்க்க வேண்டியிருக்கிறது. ஆஸ்பத்திரிக் கணக்கு ஏழையை ஒன்றுக்கு இரண்டாகக் காட்டியது என்றால், வீட்டுக் கணக்கு வீடில்லாதவனைத் தவற விடுகிறது. எந்த ஒற்றை வழியும் போதாது. எல்லா வழிகளையும் சேர்த்து, எங்கே எது குறை என்று பகிரங்கமாகச் சொல்வதே நேர்மையான கணக்கு.

எண்ணிக்கையின் மறுபக்கம் மாத்திரை

'எண் கூடினால் என்ன, குறைந்தால் என்ன, நம் கூலியா கூடப் போகிறது?' என்று நினைக்க வேண்டாம். எத்தனை பேர் என்ற எண்ணிலிருந்துதான் எத்தனை மாத்திரை என்ற எண் பிறக்கிறது. 2022 ஜூலையில் டெல்லியில், தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அலுவலகத்தில் எச்.ஐ.வி.யோடு வாழும் ஏழை ஜனங்கள் வாரக்கணக்கில் உட்கார்ந்து போராடினார்கள். மாதக்கணக்கில் தர வேண்டிய மருந்தைச் சில நாட்களுக்கு மட்டும் எண்ணித் தருகிறார்கள் என்றார்கள். தட்டுப்பாடே இல்லை என்றது சர்க்கார். தட்டுப்பாடு இல்லாத நாட்டில் நோயாளிகள் ஏன் வாசலில் படுத்துக் கிடந்தார்கள்?

உலக அளவில் நடப்பது இன்னும் கொடுமை. 2024 இறுதியில் உலகில் எச்.ஐ.வி.யோடு வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 408 லட்சம் பேர்; மருந்து கிடைத்தவர்கள் 316 லட்சம். மீதி 92 லட்சம் பேருக்கு மருந்தில்லை. இந்த நிலையில் 2025 ஜனவரியில் அமெரிக்க சர்க்கார் வெளிநாட்டு உதவியை ஒரே கையெழுத்தில் முடக்கியது. அடுத்த மாதமே, ஏழை நாடுகளில் வீடு வீடாக நடந்துவந்த ஜனசுகாதார ஆய்வுத் திட்டத்துக்கும் பணத்தை நிறுத்தியது. பல ஆப்பிரிக்க நாடுகள் எச்.ஐ.வி. எத்தனை பேருக்கு என்று அறிந்ததே அந்த ஆய்வுகளால்தான். பயமுறுத்த வேண்டியபோது கோடிக்கணக்கில் கூட்டிச் சொன்னவர்கள், கைகழுவ வேண்டியபோது எண்ணுவதையே நிறுத்துகிறார்கள். எண்ணாவிட்டால் நோயாளி இல்லை. நோயாளி இல்லாவிட்டால் பொறுப்பும் இல்லை! அந்நியன் பணத்தில் நடக்கும் கணக்கு அந்நியன் நினைத்தால் நின்றுவிடும் என்ற பாடத்தை நாமும் மறக்கக் கூடாது.

நமது கோரிக்கை

கணக்கெடுப்பு நமது சொந்த நிதியில், தவறாமல் நடக்க வேண்டும். எங்கே சோதித்தார்கள், எத்தனை பேரை, எந்த எல்லைக்குள் மதிப்பீடு என்பதைத் தமிழில் ஜனங்கள் முன் வைக்க வேண்டும்.

தனியார் ஆஸ்பத்திரிகள் நோயாளியை விரட்டுவது நிற்க வேண்டும். விரட்டினால் தண்டனை வேண்டும்.

இருப்பவர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்குத் தமக்கு எச்.ஐ.வி. இருப்பதை இன்னும் அறியாமல் இருக்கிறார்கள். அவர்களை மிரட்டிப் பிடிக்க முடியாது. மருந்து தடையின்றிக் கிடைக்கும், வேலை போகாது என்ற உறுதி இருந்தால்தான் தாமாக வருவார்கள்.

அந்த உறுதியைச் சட்டம் தந்திருக்கிறது. 2017-ல் நிறைவேறி 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்.ஐ.வி. தடுப்புச் சட்டத்தின்படி, வேலையில் சேர்ப்பதற்கு எச்.ஐ.வி. சோதனை கேட்கக் கூடாது. நோயைக் காட்டிப் பாரபட்சம் செய்யக் கூடாது. சம்மதமின்றிச் சோதிக்கவும், ரகசியத்தை வெளியே விடவும் கூடாது. ஆனால் சட்டம் தானாக மில்லுக்குள் நடந்து வராது. சங்கம்தான் அதைக் கைப்பிடித்து அழைத்து வர வேண்டும்.

தோழர்களே! அதற்கு முன் நாம் செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. சேர்ந்து சாப்பிடுவதால் எச்.ஐ.வி. தொற்றாது. தம்ளராலும் தொற்றாது, தறியாலும் தொற்றாது, பாயாலும் தொற்றாது. கேண்டீனில் தனியாக வைத்த அந்தத் தம்ளரை எடுத்து மற்றத் தம்ளர்களோடு வையுங்கள். அந்தப் பையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். சந்தேகம் உள்ளவர்கள் சர்க்கார் ஆஸ்பத்திரியில் இருக்கும் நம்பிக்கை மையத்துக்குப் போய் இலவசமாகச் சோதித்துக்கொள்ளுங்கள். தனியாகப் போகத் தயங்கினால் சங்க ஆபீசுக்கு வாருங்கள், கூட வருகிறோம்.

25 லட்சம் என்று அவர்கள் எழுதுகிறார்கள். அந்த எண்ணில் நம் மில்லிலிருந்தும், நம் சேரியிலிருந்தும், நம் பண்ணையிலிருந்தும் ஆள் இருக்கிறது. அவர்களில் ஒருவரையும் நாம் விட்டுக்கொடுக்க மாட்டோம்!